தைத்த பொதியைப் பிரித்த கதை

நான் நாலாம் கிளாஸ் வரை படித்தவன். அதுவும் மலையாளத்தில். தமிழ் எழுத்தைப் பள்ளிக்கூடம் எனக்குத் தரவில்லை. களியக்காவிளை ஸ்டாண்டில் வந்து நிற்கும் பஸ்களின் பலகையைப் பார்த்து நானே படித்துக்கொண்டது. தக்கலை, குலசேகரம், நாகர்கோவில், மார்த்தாண்டம்... இந்த நாலு ஊர்ப் பெயரிலேயே எத்தனை எழுத்து வந்துவிடுகிறது, எண்ணிப் பாருங்கள்.

அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு என்ன செய்தேன்? பாறசாலைச் சந்தையில் தலைச்சுமை எடுத்தேன். அம்பூரி மலையிலிருந்து ரப்பர் ஷீட்டை சைக்கிளில் கட்டி இறக்கினேன். பிறகு சொந்தமாக ஷீட் கடை போட்டேன். பாறையில் தண்ணீர் வராது என்று ஊரே சிரித்த இடத்தில் கிணறு வெட்டினேன். இன்றைக்கு ஆறு வீட்டுக்காரர்கள் அதில்தான் தண்ணீர் எடுக்கிறார்கள். இரண்டு வேன் வாங்கி, வேளாங்கண்ணிக்கும் பழனிக்கும் ஏர்போர்ட்டுக்கும் ஆள் கொண்டுபோனேன். தலை எண்ணாமல் ஒரு தடவைகூட வண்டியை எடுத்ததில்லை. ஒருவரையும் வழியில் விட்டுவிட்டு வந்ததில்லை.

இந்தப் பத்திரிகையில் நான் எழுதுவதை வாராவாரம் வாசிக்கிறவர்களுக்கு இதெல்லாம் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்கும் தெரிய வேண்டாமா? பயணத்தைப் பற்றி நான் சொன்னால் அதில் விஷயம் இருக்கும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். போன மாதம் ஷீபா துபாய்க்குப் போனாள்.

ஷீபா என் தம்பியின் மனைவி. தம்பி இறந்து ஆறு வருஷம் ஆகிறது. இரண்டு பிள்ளைகள், இரண்டும் படித்துக்கொண்டிருக்கின்றன. நெய்யாற்றின்கரைப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்துகொண்டே வெளிநாட்டுப் பரீட்சைக்குப் படித்தாள். இரண்டு தடவை தோற்று மூன்றாவது தடவை ஜெயித்தாள். வயது நாற்பத்தொன்று. இந்த வேலை தவறினால் இன்னொரு வேலை இந்த வயதில் வராது. அது அவளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அதற்கு முன் அவள் விமானத்தைப் பார்த்தது, சங்குமுகம் கடற்கரையில் நின்று அண்ணாந்துதான்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் கல்ஃப் போகிறார் என்று தெரிந்தால் போதும்... தமிழ்நாடு, கேரள எல்லைக்கு இந்தப் பக்கமிருந்தும் அந்தப் பக்கமிருந்தும் பொதி வர ஆரம்பிக்கும். “ஒரு சின்னப் பொதிதான், என் பிள்ளை வந்து வாங்கிக்கிடுவான்” என்பார்கள். சின்னப் பொதி எதுவும் இரண்டு கிலோவுக்குக் குறைந்து நான் பார்த்ததில்லை. வேண்டாம் என்று சொல்லக் கூடாது. உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கவும் கூடாது. வாங்கி அப்படியே பெட்டியில் வைப்பதுதான் மரியாதை.

இந்த மரியாதையை நான் பல வருஷம் முன்பே விட்டுவிட்டேன்.

காரணம் உண்டு. செங்கல் என்ற ஊர்ப் பக்கத்து ஆள் ஒருவன், கூட வேலை செய்தவனுக்காக யாரோ கொடுத்த மாத்திரைப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போனான். டாக்டர் சீட்டு இல்லை. இறங்கிய இடத்திலேயே பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். வேலை போயிற்று. திருப்பி அனுப்பியபோது ஏர்போர்ட்டிலிருந்து என் வேனில்தான் ஏறினான். வீட்டு வாசல் வரை கொண்டுபோய் இறக்கிவிட்டு வந்தேன்.

அன்றிலிருந்து என் வேனில் ஏர்போர்ட் போகிறவர்களுக்கு ஒரே சட்டம். கிளம்புவதற்கு முந்தின நாள் மதியம் கூடத்தில் பாயை விரிக்க வேண்டும். பெட்டியைக் கொட்ட வேண்டும். எல்லாப் பொதியையும் பிரித்துப் பார்த்து, நிறுத்து, பிறகுதான் அடுக்க வேண்டும். கிளம்புகிற அவசரத்தில் வாசலில் நின்று நீட்டுகிற பொதிக்கு இடமே கிடையாது.

ஷீபா வீட்டிலும் பாயை விரித்தேன். ஷீட் கடைத் தராசைக் கொண்டுவந்து விட்டத்தில் தொங்கவிட்டேன். டிக்கெட்டில் முப்பது கிலோ. பெட்டியை மாட்டினால் முப்பத்தெட்டு!

“இந்தச் சம்பா அரிசி எதுக்கு மக்ளே?”

“அங்க கிட்டாதுன்னு சொன்னாவ அண்ணன்.”

“துபாய்ல உள்ளவன் எல்லாம் மண்ணையா திங்கியான்? வெளியே எடு.”

அரிசி போனது. இரண்டு தேங்காய் போனது. புட்டுக்குழலுக்கு மட்டும் அவள் கண் கலங்கிவிட்டது, அதனால் விட்டுவிட்டேன். அடுத்து பொதிகள். மொத்தம் நாலு. மூன்று காகிதப் பொதி, சும்மா பிரிந்தன. நாலாவது, துணியில் சுற்றி, கோணூசியால் நாலு பக்கமும் நெருக்கமாகத் தைத்த பொதி. அடுத்த வீட்டுத் தங்கம்மையக்கா, ஷார்ஜாவில் இருக்கும் மகன் பைஜுவுக்காகக் கொடுத்தது.

“அண்ணன், அதப் பிரிக்கண்டாம். அக்காக்கு மனசு விட்டுப் போவும்” என்றாள் ஷீபா.

“அவங்க மனசு விட்டா நான் போய்ச் சமாதானம் சொல்லிக்கிடுவேன். உன்னை அங்க பிடிச்சு வச்சா யாருகிட்ட போய்ச் சொல்லது?”

கத்தியை எடுத்து இரண்டு தையல்தான் அறுத்திருப்பேன். வாசலில் நிழல் விழுந்தது.

“எலே தாசையா! என்னலே செய்யுத?”

தங்கம்மையக்கா என்னைவிட மூன்று வயது மூத்தவர். அவர் என்னை ‘எலே’ என்று கூப்பிடுவதில் எனக்குக் குறைச்சல் இல்லை.

“பொதியப் பிரிக்கேன் அக்கா.”

“அது நான் ரெண்டு நாளு இருந்து தச்சதாக்கும்!”

“தெரியுது. நல்ல தையலு. கத்தியே ஏறல்ல.”

“என்னைக் கள்ளின்னு நெனச்சியாலே? பெத்த பிள்ளைக்கு முந்திரிக்கொத்து குடுத்துவிட்டா துபாய் கவுந்து போவுமா?”

“பெட்டி ஷீபாக்க பேருல போவுது. பிடிச்சா அவளத்தான் பிடிப்பான். பைஜு வந்து ஜாமீன் நிப்பானா?”

“அவன் எதுக்குலே நிக்கணும்? அவன் ஏசி மெக்கானிக்காக்கும்!”

தையலை முழுவதும் அறுத்தேன். முந்திரிக்கொத்துப் பலகாரம். ஏத்தங்காய் உப்பேரி, அதாவது நேந்திரங்காய் வறுவல். ஒரு குப்பி தேங்காய் எண்ணெய். எண்ணெய்க் குப்பியைச் சுற்றி ஒரு புது லுங்கி. வேறு ஒன்றும் இல்லை. தங்கம்மையக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

“கண்டியா? ஆனை இருந்ததா, பீரங்கி இருந்ததா?”

“ஒண்ணும் இல்ல அக்கா. கொள்ளாம், நல்ல சாமான்தான்.”

எண்ணெய்க் குப்பியின் மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, இரண்டு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டினேன். (எண்ணெய் ஒழுகினால் துணியோடு நிற்காது, சர்டிபிகேட்டும் போகும். சர்டிபிகேட், பாஸ்போர்ட், வேலை உத்தரவு — இது மூன்றும் பெட்டியில் போடவே கூடாது. உடம்போடு ஒட்டின பையில். நகல் ஒன்று வீட்டில்.) எல்லாவற்றையும் அடுக்கி மறுபடியும் தராசில் மாட்டினேன். இருபத்தொன்பதரை. பூட்டை எடுத்தேன்.

தங்கம்மையக்கா போகவில்லை. கோபம் ஆறாத ஆள் அங்கேயே நின்று பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எலே, எல்லாருக்க பொதியும் பிரிச்சாச்சு. உனக்க வீட்டுப் பொதி எங்க?”

“எங்க வீட்டுதுல பிரிக்க என்ன இருக்கு? லில்லி இடிச்ச மசாலாப் பொடி. டப்பால தெரியுதுல்லா.”

லில்லி என் மனைவி. ஷீபா ஞாயிற்றுக்கிழமை இறைச்சி வைத்தால் நம் வீட்டு ருசி வேண்டும் என்று, வறுத்து இடித்து ஒரு பெரிய டப்பா நிறையக் கொடுத்திருந்தாள்.

“பொடின்னு தெரியுது. என்னத்தப் பொடிச்சதுன்னு தெரியுமா? எனக்கத மட்டும் கீறிப் பாக்கத் தெரிஞ்சுதுல்லா? இதக் கேளு.”

சிரித்துக்கொண்டேதான் கேட்டேன். லில்லி அடுக்களையில் ஷீபாவின் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். அங்கிருந்தே சொன்னாள்:

“மல்லி, வத்தல், நல்லமிளகு, பெருஞ்சீரகம், பட்டை, கிராம்பு, ஏலக்காய்... பொறவு கொறச்சு கசகசா. அது இல்லாம இறைச்சிக்கு ருசி வருமா?”

நான் பூட்டைக் கீழே வைத்தேன்.

கசகசா நமக்கு மளிகைச் சாமான். அங்கே அது போதைப்பொருள் கணக்கில் வரும். அபின் செடியின் விதை அல்லவா? கொஞ்சமா நிறையவா என்று பார்க்க மாட்டார்கள். வேலைக்கு இறங்குகிற இடத்திலேயே ஜெயில். இதை என் வேனில் ஏறின எத்தனை பேருக்கு நான் சொல்லியிருக்கிறேன் தெரியுமா? பாயை விரித்து, தராசு கட்டி, பக்கத்து வீட்டுக்காரியின் தையலை எல்லாம் அறுத்துவிட்டு... எங்கள் வீட்டு டப்பாவை மட்டும் திறக்காமல் நானே என் கையால் எடுத்துப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

ஷீபா பாயில் உட்கார்ந்துவிட்டாள். “அண்ணன், கேட்டா ஆமா, எனக்க பெட்டிதான்னு சொல்லியிருப்பேனே...” சின்ன மகள் சோற்றுக் கையோடு வந்து அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

லில்லி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். விஷயம் தெரிந்ததும் அவள் முகம் போன போக்கைச் சொல்ல முடியாது. பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்:

“வேன்ல ஏறுன ஊராருக்கெல்லாம் சொல்லுவிய. எனக்கு ஒரு வாக்கு சொன்னியளா?”

சொல்லவில்லை. நாற்பது வருஷம் அந்த மசாலாவில் சாப்பிட்டிருக்கிறேன், அதில் என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. தவறு என்னுடையது. இதைப் பத்திரிகையில் ஒப்புக்கொள்ளவும் ஒரு தைரியம் வேண்டும். எனக்கு அது உண்டு.

ஆனால் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிற ஆள் நான் இல்லை. பெட்டியை மறுபடியும் கொட்டினேன். டப்பா மூடி சரியில்லை, பொடி கொஞ்சம் வெளியே வந்திருந்தது. பெட்டியின் தையலுக்குள்ளும் போயிருந்தது. அந்தப் பெட்டியே வேண்டாம் என்று என் மகளின் பெட்டியை எடுத்து வரச் சொன்னேன். பொடி பட்ட நர்ஸ் யூனிஃபார்மை எல்லாம் லில்லி அலசிப் போட்டாள். நல்ல வெயில், சாயங்காலத்துக்குள் காய்ந்தது. தங்கம்மையக்கா கோபத்தை எங்கேயோ வைத்துவிட்டு, பாயில் உட்கார்ந்து உப்பேரிக்கும் முந்திரிக்கொத்துக்கும் புதுக் கவர் மாற்றினார். ஒவ்வொரு சாமானும் உள்ளே போகும் முன்பு, கொடுத்தவரைப் போனில் கூப்பிட்டுக் கேட்டேன். ‘உள்ளே என்ன இருக்கு’ என்று இல்லை — ‘அதில் என்னெல்லாம் போட்டுச் செய்தீர்கள்?’

இந்த இரண்டாவது கேள்விதான் முக்கியம் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. பிரித்துப் பார்த்தால் கண்ணுக்குத் தெரிவது மட்டும்தான் தெரியும். பொடித்தது, அரைத்தது, ஊறவைத்தது எல்லாம் செய்தவர் வாயைத் திறந்து சொன்னால்தான் உண்டு. அடுத்த வீட்டுக்காரர் பொதியைச் சந்தேகப்பட நமக்குத் தெரிகிறது. சொந்த வீட்டு டப்பாவை யார் சந்தேகப்படுவார்கள்?

மறுநாள் காலை வேனில் ஐந்து பேர்தான். இருபது பேர் கிளம்பி நின்றார்கள், விடவில்லை. வழியனுப்பப் போகிறவர்களில் ஒருவருக்கு வாந்தி, ஒருவருக்குக் காப்பி, ஒருவருக்குப் பாத்ரூம் என்று வண்டி நின்றுகொண்டே போனால் விமானம் நிற்குமா? பாலராமபுரம் நெரிசலில் மாட்டாமல் காரோடு ஊரிலேயே பைபாஸ் பிடித்துப் போனோம். கவுண்டரில் பெட்டியை வைத்தார்கள். இருபத்தெட்டு. மசாலா டப்பாவை எடுத்தபின் என் தராசு காட்டியதும் அதே இருபத்தெட்டுதான். தராசு என்னுடையது, எடை தப்புமா?

அன்று சாயங்காலம் போன் வந்தது.

“அண்ணன், பெட்டியத் திறக்கச் சொன்னாவ.”

ஸ்பீக்கரில் போட்டேன்; லில்லியும் தங்கம்மையக்காவும் போன் பக்கத்தில் வந்துவிட்டார்கள்.

“எல்லாத்தையும் எடுத்து மேசையில வச்சாவ. டப்பா டப்பாவா மோந்து பாத்தாவ. ஒரு முந்திரிக்கொத்த உடச்சும் பாத்தாவ. பொறவு ஒரு பெண்ணு சிரிச்சுக்கிட்டே போவச் சொல்லிட்டா.”

“முந்திரிக்கொத்த உடச்சானா? பைஜுக்கு எண்ணி வச்சதுல்லா!” என்றார் தங்கம்மையக்கா. ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஷீபா மறுநாளே வேலையில் சேர்ந்துவிட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை ஷீபாவின் வீட்டில் நன்றி ஜெபம் வைத்தோம். உபதேசியார், தம் மகளைக் கண்ணியில் விழாமல் காத்த கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னார். ஷீபா போனில் ஸ்பீக்கரில் சாட்சி சொன்னாள் — கேள்வியைக் கேட்கச் சொன்ன தங்கம்மையக்காவுக்கு நன்றி, ஒளிக்காமல் சொன்ன லில்லியக்காவுக்கு நன்றி. எல்லோரும் கைதட்டினார்கள். தங்கம்மையக்கா செங்கல் சிவன் கோயிலில் ஷீபா பெயருக்கு அர்ச்சனை செய்த பிரசாதத்தோடு வந்திருந்தார். அதை உபதேசியாரின் மனைவிக்கே கொடுத்துவிட்டு, என் பக்கம் திரும்பி, “நான் மட்டும் அண்ணைக்குக் கேக்கல்லேன்னா?” என்றார்.

நியாயம்தான். மறுக்கவில்லை. ஆனால் அவர் ஏன் கேட்டார்? கோபத்தில் கேட்டார். கோபம் ஏன் வந்தது? தையலை அறுத்ததால் வந்தது. அறுத்தது யார்?

கர்த்தருக்கு ஸ்தோத்திரம், செங்கல் சிவனுக்கு அர்ச்சனை, தங்கம்மையக்காவுக்குக் கைதட்டல் — எல்லாம் சரி. அவருக்குக் கோபம் வரவழைத்தவன் பெயரையும் அடுத்த ஞாயிறு ஜெபத்தில் ஒரு வரி சேர்த்துச் சொல்லுங்கள். கொஞ்சம் உரக்க.