புங்கனூர் ஏரியில் ஒரு சுற்று

எலுமிச்சம்பழத்தை நகத்தால் கீறி மூக்கருகில் வைத்துக்கொண்டால் மலைப்பாதையில் வாந்தி வராது என்பார்கள். எனக்கு நீட்டப்பட்ட பழத்தில் எலுமிச்சை வாசனை பாதிதான், மீதி அதைப் பிடித்திருந்த என் அம்மாவின் விரல்களிலிருந்து வந்த ‘சொல்யூஷன்’ வாடை. ஆம்பூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: ஷூவின் மேல்தோலை மடித்து ஒட்டுகிற பசை அது, சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும் போகாது, ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பையும் மீறிக்கொண்டு வரும். ஏலகிரி என்றால் ஊரில் எல்லோருக்கும் பலாப்பழமும் பனியும் நினைவுக்கு வருகின்றன, எனக்கு இந்தப் பசைதான் வருகிறது.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம், அம்மா வேலை பார்த்த ஷூ கம்பெனியில் பெண்களையெல்லாம் ஒரு நாள் ‘டூர்’ கூட்டிப்போகிறார்கள், பிள்ளைகளும் வரலாம் என்று சொன்னார்கள். வாணியம்பாடியைத் தாண்டினாலே கண்ணுக்குத் தெரிகிற மலைதான் என்றாலும் எங்கள் தெருவில் அதன்மேல் ஏறிப் பார்த்தவர்கள் ஒருவரும் இல்லை. அங்கே ஏரி இருக்கிறது, காலால் மிதித்து ஓட்டுகிற படகு இருக்கிறது, அதை எங்கம்மா ஓட்டப்போகிறாள் என்று வகுப்பு முழுக்கத் தம்பட்டம் அடித்து வைத்திருந்தேன்.

எங்கம்மாவை நீங்கள் அப்போது பார்த்திருக்க வேண்டும்! குழாயடியில் யாராவது வரிசை மீறிக் குடத்தை நுழைத்தால், “இன்னாமே, உங்கப்பன் ஊட்டுக் குழாயா?” என்று அவள் போடுகிற சத்தத்தில் அடுத்த தெருவே வந்து எட்டிப்பார்க்கும். அவள் எதிரே வந்தால் வார்டு மெம்பர் சந்து மாறிப் போவார். அப்பாகூட அவளிடம் அளந்துதான் பேசுவார். கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்ததும் நின்றபடியே ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து மடக்மடக்கென்று குடித்துவிட்டுத்தான் வாயைத் திறப்பாள். கம்பெனியில் சூடு ‘ஜாஸ்தி’ போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். இப்படி ஒரு அம்மா யாருக்கு இருக்கிறாள் என்று எனக்கு ஒரே கர்வம்.

கொண்டை ஊசி வளைவுகளில் பாதிப் பேர் வாந்தியெடுத்து முடிக்க, பஸ் ஒருவழியாகப் புங்கனூர் ஏரிக்கரையில் போய் நின்றது. கூட வந்த சூப்பர்வைசர் மீசை சரியாக அடராத இளவட்டம். அவன் அம்மாவை ‘அக்கா’ என்பான், அம்மா அவனை ‘சார்’ என்பாள். படகுக்கு டிக்கெட் வாங்கிவிட்டு, எங்கள் முறை வரும்வரை அவன் கடையோரம் நின்று மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தான். கழிப்பறை பத்தடி தள்ளி, கதவு திறந்தபடி காலியாகத்தான் கிடந்தது. என் அம்மா அங்கே போகாமல் நேராக அவனிடம் போனாள். கையைத் தோளுயரத்துக்கு லேசாகத் தூக்கிக்கொண்டு, அவன் தின்று முடித்து நிமிர்ந்து பார்க்கும்வரை அப்படியே நின்றாள்.

“சார், பாத்ரூம் போய்ட்டு வரட்டா?”

அவனும் பழக்கத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்து, “சீக்கிரம் வந்துருங்க” என்றான். பிறகுதான் அவனுக்கே உறைத்தது. “அய்யோ, இன்னாக்கா, இங்கயுமா? டூர் வந்துக்கீறோம்க்கா!” என்று அவன் சிரிக்க, நின்றிருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் வீட்டில் ஒருநாளும் கண்டதில்லை.

அவள் கழிப்பறைக்குப் போன நேரத்தில், பக்கத்து மிஷினில் தைக்கிற ஷாஹினா அக்காவிடம் ஏன் சிரித்தீர்கள் என்று கேட்டேன். “ஒன்னுமில்லடி கண்ணு, கம்பெனில பாத்ரூம் போவ லைனுக்கு ஒரே டோக்கன், ஆணில தொங்கும். எடுத்துனு போனவ வந்தாத்தான் அடுத்தவ போவணும், அதுவும் சார் தலையாட்டுனாத்தான். அந்தப் பேஜாருக்கு நாங்க பகல்ல தண்ணியே குடிக்கிறதில்ல” என்றாள். எனக்கு வீட்டுச் சொம்பு நினைவுக்கு வந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. அம்மாவுக்காக வெட்கப்பட்டேனா, அம்மாவைப் பார்த்து வெட்கப்பட்டேனா என்று பிரித்துப் பார்க்கிற வயதில்லை அது. தரையைப் பார்த்துக்கொண்டே போய்ப் படகில் உட்கார்ந்தேன்.

அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மிஷினை மிதிப்பதுபோலவே மிதித்தாள், படகு பறந்தது. நான் தண்ணீரைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

“இன்னாடி, மூஞ்சத் தூக்கி வச்சினுகீற?”

“நீ ஏன் அந்தாள்கிட்ட போய்க் கேட்ட?”

அவள் கால்கள் நின்றன. ஏரி நடுவில் படகு தானாகக் கொஞ்ச தூரம் போனது. “தெரியாம வாய்ல வந்துருச்சிடி” என்றாள். பிறகு, யாருக்கும் பயப்படாத என் அம்மா, கெஞ்சுகிற குரலில், “அப்பாகிட்ட சொல்லாத, இன்னா?” என்றாள்.

சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அப்பாவிடம் நான் கடைசிவரை சொல்லவில்லை, ஆனால் எந்த நிமிஷமும் சொல்லிவிடுவேனோ என்று பல நாள் அவள் என் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பரிமாறியதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

போன கோடையில் அம்மாவையும் என் மகனையும் கணவரையும் கூட்டிக்கொண்டு காரில் ஏலகிரிக்குப் போனேன். எலுமிச்சம்பழத்துக்குப் பதில் மாத்திரை வந்துவிட்டது. அந்தக் கழிப்பறையை இடித்துவிட்டார்கள். கம்பெனியும் இல்லை, டோக்கன் தொங்கிய சுவர் இருந்த இடத்தில் கல்யாண மண்டபம் நிற்கிறது. அம்மாவின் விரல்களில் வாடை போய்விட்டது; கையில் எப்போதும் தண்ணீர் பாட்டில், நினைத்தபோது குடிக்கிறாள். தண்ணீரென்றால் பயப்படுகிற என் கணவர் கரையில் பைகளோடு உட்கார்ந்துகொள்ள, நாங்கள் மூவரும் படகில் ஏறினோம்.

ஏரி நடுவில் என் செல்போன் அடித்தது. ஆபீஸ் மேனேஜர், என்னைவிடச் சின்னவர். எனக்கு அன்று முறைப்படி எழுதிக் கொடுத்த லீவு. “சொல்லுங்க சார்... இல்ல சார், ஃப்ரீயாத்தான் இருக்கேன் சார்” என்றபடி நான் இருக்கையைவிட்டு எழுந்துவிட்டிருக்கிறேன். படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தபிறகுதான் எனக்கே தெரிந்தது. பேசி முடித்து உட்கார்ந்ததும் மகன் கேட்டான், “ஏம்மா எழுந்து நின்ன? அவருக்குத்தான் நீ நிக்கிறது தெரியாதே?”

அம்மா மிதிப்பதை நிறுத்தினாள். என் பக்கம் திரும்பாமல், பேரனின் தோளில் கைவைத்து, “அப்பாகிட்ட சொல்லாதடா, இன்னா?” என்றாள்.

“சரி ஆயா” என்றான் அவன், உடனே.