கடலில் நின்ற கோபுரம்

தன்னார்வ அமைப்புகளும் சமுதாய வானொலி தொடங்கலாம் என்று அரசு அறிவித்த புதிது. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் மகளிர் சங்கம் பதிவாகி மூன்று ஆண்டுகள் முடிந்திருந்ததால், உரிமம் கேட்கத் தகுதி இருந்தது. பதிவுச் சான்றிதழ், விதிமுறைகள், ஆண்டறிக்கை எல்லாம் சேர்த்தேன். கோபுரம் அமையும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை நான் கையால் எழுதிக் கொடுக்க, டைப்பிங் சென்டரில் அடித்துத் தந்தார்கள். செயலாளராகக் கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

டெல்லிக்கு அனுப்பும் நாளில், உறை ஒட்ட உறுப்பினர் அஞ்சலையைக் கூப்பிட்டேன். மீன் விற்பவர். கணவர் வலை போடும் இடங்களை ஜி.பி.எஸ். கருவியைப் பார்த்து நோட்டில் குறித்துவைப்பவரும் அவர்தான். பசையோடு வந்தவர் தாளைப் பார்த்துச் சிரித்தார்.

“இன்னாக்கா, டவரைக் கடல்ல நட்டுட்டீங்க? எழுபத்தொம்பது டிகிரி அம்பத்தொம்பது மினிட்டுன்னா எங்க வூட்டுக்காரரு வலை போடுற இடமாச்சே! அம்பத்தொண்ணுலயே தண்ணி வந்துடும்க்கா.”

பதறிப்போய் வரைபடத்தைப் பார்த்தேன். ஐம்பதுதான். வால் நீண்ட என் பூஜ்ஜியம் ஒன்பதாகியிருந்தது. அப்படியே போயிருந்தால் எத்தனை மாதம் இழுத்திருக்குமோ! படித்தவர்கள் நான்கு பேர் சரிபார்த்த தாள் அது.

இப்போதெல்லாம் எந்த விண்ணப்பமானாலும் அஞ்சலை படித்த பிறகே அனுப்புகிறோம். உறை ஒட்டுவது நான்.