கம்பியில் எழுதிய விரல்

கீழ்பென்னாத்தூரில் பஸ் ஏறியபோது பக்கத்து சீட்டில் அந்த அக்கா இருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். மடியில் நைந்துபோன பிளஸ் டூ இயற்பியல் புத்தகம். படித்த ஒவ்வொரு வரியையும் முன்சீட்டுக் கம்பியில் விரலால் எழுதிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

“பிஸிக்ஸ் மட்டும் நின்னுபோச்சும்மா. இன்னிக்கு நாலாவது தடவை எழுதப் போறேன்” என்றார். நான் பி.எஸ்ஸி. இயற்பியல் என்றதும் முகம் மலர்ந்தது. “கெபாசிட்டர்ல எவ்ளோ சார்ஜ் சேரும்னு எத வெச்சும்மா சொல்றது? அந்தப் பக்கமே கிழிஞ்சு கெடக்கு.”

“தகடு பெருசா இருக்கணும்க்கா. நடுவுல மைக்கா மாதிரி பொருள் வெச்சா ஜாஸ்தி சேரும். வோல்டேஜ் ஏத்துனாலும் ஜாஸ்தி. ரெண்டு தகடுக்கும் நடுவுல தூரம் நெறைய இருக்கணும்.”

விரல் நின்றது. “கிட்ட இருந்தாத்தானே ஒண்ண ஒண்ணு இழுத்து வெச்சுக்கும்?”

“இல்லக்கா, எடம் இருந்தாத்தானே சேரும்?” என்றேன், படித்தவள் என்ற தோரணையில்.

அவர் திருவண்ணாமலையில் பள்ளிக்கூட நிறுத்தத்தில் இறங்கிப் போனார். பஸ் நகர்ந்த பிறகுதான் சூத்திரம் நினைவுக்கு வந்தது. தூரம் அதில் வகுக்கும் இடத்தில் இருக்கிறது; அவர் சொன்னதுதான் சரி. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி ஓடிவந்தேன். மணி அடித்து கேட்டைச் சாத்திவிட்டார்கள்.

ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு, மூன்று மணி நேரம் கேட்டுக்கு எதிரிலேயே தவித்துக்கொண்டு நின்றேன்.

வெளியே வந்தவர் என்னைப் பார்த்ததும் தயங்கினார். “அந்தக் கேள்வி வந்துச்சும்மா. தூரத்துல மட்டும் நீ சொன்னத எழுதல. எனக்குப் பட்டதையே எழுதிட்டேன். கோவிச்சுக்காத.”

“நான்தான்க்கா தப்பா சொல்லிட்டேன்” என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மூன்று முறை தோற்றவருக்கு, பட்டம் வாங்கியவளை விட்டுவிட்டுத் தன்னை நம்பும் துணிச்சல் எங்கிருந்து வந்ததோ, எனக்கு இன்றும் புரியவில்லை.