பத்தொன்பது நாள் காய்ந்த சிப்பி ஓடுகள்

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் இருபத்துமூன்று வீடுகள். என் வீட்டைத் தவிர மற்ற இருபத்திரண்டிலும் சிப்பி சாப்பிட்டவர் ஒருவரும் இல்லை. ஆனாலும் சென்ற வைகாசியில் ஒரு வெள்ளிக்கிழமை, காலை ஒன்பதுக்கும் பத்துக்கும் இடையில், இருபத்திரண்டு வீட்டாரும் சிப்பி சாப்பிடுவதை நிறுத்திவிட்டதாக வாட்ஸ்அப் குழுவில் அறிவித்தார்கள். சிலர் கைகூப்பும் படமும் போட்டார்கள்.

இதற்குக் காரணம் என் தம்பி, அல்லது நான், அல்லது தொடர்மாடி நிர்வாகக் குழுவின் செயலாளர். திகதி வாரியாகச் சொன்னால்தான் பங்கு பிரிக்க முடியும்.

தம்பி கொட்டாஞ்சேனையில் இருக்கிறான். துறைமுகத்தில் இருபது வருடத்துக்கு மேல் கொள்கலன்களுக்குப் பின்னால் அலைந்தவன், ஐம்பது வயதில் வேலையை விட்டுவிட்டுப் புத்தளம் பக்கத்தில் கடல்நீர் உள்ளே வந்து தேங்கும் களப்பொன்றில் சிப்பி வளர்க்கத் தொடங்கினான். தண்ணீரில் கம்புகளை நட்டு, குறுக்கே கட்டி, கயிறுகளைத் தொங்கவிட்டால் சிப்பி தானே வளரும் என்று எங்கள் வீட்டில் விளக்கம் சொன்னான். தானே வளர்வதற்காக அவன் வாரத்தில் நான்கு நாள் இடுப்பளவு தண்ணீரில் நின்றான். வளர்ந்ததைக் கடற்கரையோர ஹோட்டல் ஒன்று வாங்கியது.

நான் நூலகத்தில் வேலைசெய்து ஓய்வுபெற்றவள். தம்பி எதைத் தொடங்கினாலும் அதைப் பற்றி அவனுக்கு முன்னால் வாசித்துவிடுவது என் பழக்கம். சிப்பிக் குஞ்சு பிறந்தவுடன் தண்ணீரில் மிதந்து திரியும், ஒட்டுவதற்குக் கெட்டியான இடம் தேடும், பழைய சிப்பி ஓட்டை விட நல்ல இடம் அதற்கு இல்லை என்று வாசித்தேன். ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டு எறிகிற ஓடுகளைத் திருப்பிக் கேள் என்று தம்பிக்குச் சொன்னது நான்தான். அந்த ஹோட்டலில் இவனுடைய சிப்பியோடு வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வரும் சிப்பியும் பரிமாறுவார்கள். இரண்டின் ஓடும் ஒரே தொட்டியில்தான் விழும். அப்படிப்பட்ட ஓடுகளை ஆறு மாதமாவது வெயிலில் காயவைக்க வேண்டும், ஒட்டியிருக்கும் சதையில் நோய் இருக்கலாம் என்றும் அதே பக்கத்தில் எழுதியிருந்தது. இரண்டு வரியின் கீழும் பென்சிலால் கோடு போட்டேன்.

தம்பியின் வீடு இருக்கும் ஒழுங்கையில் வெயில் மத்தியானம் அரைமணி நேரம் வந்துபோகும். எங்கள் மொட்டை மாடியில் நாள் முழுக்க நிற்கும். ஆகவே தைப்பொங்கலுக்கு அடுத்த வியாழக்கிழமை பன்னிரண்டு சாக்கு ஓடு வெள்ளவத்தைக்கு வந்தது. மின்தூக்கி ஆட்களுக்கு மட்டும் என்று அறிவித்தல் இருந்ததால் தம்பி ஏழு மாடியும் படியேறினான்.

மூன்றாம் நாள் மணம் பற்றி முதல் முறைப்பாடு. ஐந்தாம் நாள் காகங்கள் பற்றி. எட்டாம் நாள் செயலாளர் என் கதவைத் தட்டினார். அரசாங்கத் திணைக்களமொன்றில் முப்பது வருடம் கோப்புகளை ஒரு மேசையிலிருந்து மறு மேசைக்கு அனுப்பியவர். எதையாவது அனுப்பாவிட்டால் அவருக்கு நித்திரை வராது.

"தங்கச்சி, உங்கட தம்பியின்ர சாமான் எப்ப போகும்?"

"ஆடி மட்டில போயிடும்."

"ஆடியோ? எங்கட பேத்தியின்ர சாமத்திய வீடு மாசியில. கனடாவில இருந்து வருகினம். வீடியோக்காரன் மேல நிண்டு கடலோட சேர்த்து எடுக்கோணும் எண்டு சொல்லிப்போட்டான்."

"நான் ஒரு மூலைக்குத் தள்ளி விடுறன்."

"ட்ரோன் மூலையையும் எடுக்கும், தங்கச்சி."

அடுத்த ஞாயிறு நிர்வாகக் குழு கூடியது. பேத்தியின் பூப்பு விழாவைப் பற்றித் தீர்மானத்தில் ஒரு வார்த்தையும் இல்லை. "நோய் பரப்பக்கூடிய கழிவுப் பொருட்களை" உடனடியாக அகற்றும்படி மட்டும் இருந்தது. நோய்க்குப் பயந்து வெயிலிலிருந்து ஓட்டை எடுக்கச் சொன்ன தீர்மானம் அது. எதிர்த்து வாக்களித்தது நான் ஒருத்தி. கூட்டக் குறிப்பில் என் வாக்கு "வருகை தந்தோர்" என்பதற்குள் சேர்க்கப்பட்டிருந்தது.

பத்தொன்பதாம் நாள் தம்பி சாக்குகளோடு வந்தான்.

"வேற எங்கயாவது காயப்போடு" என்றேன்.

"எங்க அக்கா? கோயில் முற்றத்திலயா? ஃபாதர் என்னை முதல்ல காயப்போட்டுடுவார். இங்க பாருங்க, மொறுமொறு எண்டு காஞ்சிட்டு. மணத்திப் பாருங்க."

மணத்திப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

"குஞ்சு ஒட்டுற காலம் இதுதான் அக்கா. இத விட்டா இன்னொரு வருஷம் நிக்கோணும்."

என் குறிப்புப் புத்தகத்தில் அன்றைய திகதிக்கு எதிரே இப்படி இருக்கிறது: பத்தொன்பது நாள். போதும் போலிருக்கிறது. கையெழுத்து என்னுடையது.

பங்குனியில் ஓடுகள் முழுக்கக் குஞ்சு. நகக்கண் அளவு குஞ்சுகளைத் தம்பி படம் பிடித்து அனுப்பிக்கொண்டே இருந்தான். வடக்கில் ஒரு களப்பில் புதிதாகப் பண்ணை போடும் ஒருவர், குஞ்சு பிடித்த கயிறுகளில் பாதியை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அது விலைபோனால் தம்பி இன்னொரு வரிசை கம்பு நடலாம். போகாவிட்டால் ஐம்பத்துமூன்று வயதில் மறுபடி துறைமுக வாசலில் போய் நிற்க வேண்டும். அதை அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். நான் விளையாட்டாக எடுக்கவில்லை.

சித்திரைக் கடைசியில் பெரிய சிப்பிகள் வாய் திறந்துகொண்டு கிடக்கத் தொடங்கின. தட்டினால் மூடவில்லை. உள்ளே சதை மெலிந்து தண்ணீராக இருந்தது. தம்பி பரிசோதனைக்கு மாதிரிகளைக் கொடுத்துவிட்டு வந்தான். வைகாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, கடற்றொழில் பகுதியிலிருந்து இளம் அதிகாரி ஒருத்தி, புத்தளத்துப் பிள்ளை, முடிவோடு களப்புக்கு வந்தாள். அன்று நானும் போயிருந்தேன்.

"ஒட்டுண்ணி, அங்கிள். கண்ணுக்குத் தெரியாது. செத்த சிப்பியில இருந்து தண்ணிக்கு வந்து பக்கத்துச் சிப்பிக்குள்ள போகும். மருந்து இல்ல. மனுசருக்கு ஒண்ணும் செய்யாது. அந்தக் கண்டல் மரத்து வேர்ல தானா வளர்ற காட்டுச் சிப்பியிலயும் இருக்கு."

"எங்க இருந்து வந்தது மகள்?"

"அதுதான் நானும் கேக்க வந்தது. இந்த ஓடெல்லாம் எங்க எடுத்தது? எவ்வளவு காலம் காஞ்சது?"

"கொழும்பில" என்றான் தம்பி. "ஆறு மாசம் காஞ்சது."

அவள் எழுதினாள். நான் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தேன். குறிப்புப் புத்தகம் என் பையில் இருந்தது. எடுக்கத் தேவையிருக்கவில்லை.

"பத்தொன்பது நாள், மகள்" என்றேன். "நானும்தான் போதும் எண்டு சொன்னது."

தம்பி என்னைப் பார்க்கவில்லை, தண்ணீரைப் பார்த்தான். அவள் முன்னதை வெட்டிவிட்டுப் புதிதாக எழுதினாள். ஓட்டில்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது, காட்டுச் சிப்பியில் முன்பே இருந்திருக்கலாம் என்றாள். எப்படியானாலும் இந்தத் தண்ணீரிலிருந்து உயிருள்ள சிப்பி எதுவும் வேறு தண்ணீருக்குப் போகக் கூடாது.

"குஞ்சு?"

"குஞ்சும்தான் அங்கிள். கடிதம் வரும். மூண்டு ஒபிஸ் தாண்டி வரோணும், எப்ப எண்டு எனக்குத் தெரியாது. அதுவரைக்கும் உங்கட மனச்சாட்சிதான்."

அந்த வாரமே வெள்ளிக்கிழமை காலை, அயலவருக்கு உண்மை சொல்ல வேண்டும் என்ற எண்ணத்தில், வாட்ஸ்அப் குழுவில் எட்டுப் பந்திகள் எழுதினேன். இரண்டாம் பந்தியில் மனிதருக்கு ஆபத்தில்லை என்று தெளிவாக இருந்தது. முதல் பந்தியில் "ஒட்டுண்ணி" என்ற சொல் இருந்தது; அதற்குக் கீழே எவரும் இறங்கவில்லை. இறால் சாப்பிடலாமா என்று ஒருவர் கேட்டார். மீன் தொட்டி வைத்திருப்பவர் அதை என்ன செய்வது என்றார். நான்காம் மாடிப் பெண்மணி, தான் பிறவியிலிருந்தே சைவம் என்றும், இனிமேல் சிப்பியைத் தொடப்போவதில்லை என்றும் எழுதினார். மொட்டை மாடி இரண்டு முறை கிருமிநாசினி ஊற்றிக் கழுவப்பட்டது. கடைசியாகச் செயலாளர் எழுதினார்: "நல்லகாலம், நிர்வாகக் குழு நேரத்தோடு முடிவெடுத்தபடியால் பெரிய ஆபத்திலிருந்து தப்பினோம்." பத்தொன்பது பேர் கட்டைவிரல் உயர்த்தினார்கள்.

மறுநாள் சனிக்கிழமை. தம்பி என்னைக் களப்புக்கு வரச் சொல்லியிருந்தான். வடக்கு ஆளுக்குக் குஞ்சு இல்லை என்று அவன் தொலைபேசியில் சொல்லியும், அவர் நம்பாமல் நீலப் பீப்பாய்கள் ஏற்றிய லொறியோடு வந்து நின்றார்.

"ஆருக்குக் குடுத்தனீங்கள் எண்டு மட்டும் சொல்லுங்கோ" என்றார்.

"ஒருத்தருக்கும் இல்ல. சிப்பிக்கு வருத்தம், நோய் எண்டு சொன்னனே."

"கடிதம் இருக்கோ?"

"இன்னும் வரேல்ல."

"பிறகென்ன? குஞ்சு நல்லாத்தானே தெரியுது."

"ஓம். எனக்கும் அப்பிடித்தான் தெரிஞ்சது."

தம்பி கயிற்றிலிருந்து ஒரு பெரிய சிப்பியைப் பிடுங்கிக் கத்தியால் நெம்பினான். உள்ளே சதை கண்ணாடி போல மெலிந்திருந்தது. வந்தவர் ஓரடி பின்னால் போனார்.

"தொடாதேங்கோ அண்ணை, வருத்தம் எண்டு நீங்கள்தானே சொன்னது."

தம்பி ஓட்டை வாயில் சாய்த்து விழுங்கினான்.

"எனக்கு ஒண்டும் செய்யாது. ருசிதான் இல்ல. ஆனா இத உங்கட தண்ணியில போட்டீங்க எண்டா, அங்க சும்மா வேர்ல ஒட்டிக்கொண்டிருக்கிற சிப்பியும் சேர்ந்து போயிடும். அத பிறகு யாராலயும் திருப்பித் தர முடியாது."

வந்தவர் அந்த ஓட்டை வாங்கி நெடுநேரம் பார்த்தார். பிறகு லொறியைத் திருப்பினார். பள்ளத்தில் ஏறி இறங்கும்போது வெற்றுப் பீப்பாய்கள் ஒன்றோடொன்று முட்டிய சத்தம் பிரதான வீதி வரைக்கும் கேட்டது.

தம்பி தண்ணீரில் இறங்கிக் கயிறுகளை ஒவ்வொன்றாக அறுத்தான். நான் கரையில் நின்று வாங்கி, தண்ணீருக்கு எட்டாத தூரத்தில் போட்டேன். பெரியது, குஞ்சு என்று பார்க்கவில்லை. நாலு மணிக்குக் கம்புகள் மட்டும் நின்றன. கண்டல் வேர்களில் இருந்தவற்றுக்கு எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. நீர் வற்றும் நேரம், அவற்றில் சில வாய் திறந்திருந்தன.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குத் தம்பி துறைமுகப் பக்கம் போனான். போகும் வழியில் என்னை அழைத்து, பழைய மேற்பார்வையாளர் இன்னும் வேலையில்தான் இருக்கிறாராம் என்றான்.