அருவியில் எண்ணெய்க் குளியல்

தண்ணீர் பழுப்பானதற்குக் காரணம் என் மச்சான்தான் என்று முழுமனதாக நம்பினேன். மனைவியின் தம்பி அவன். எது நடந்தாலும் அவன்மேல் பழியைப் போடுவது எனக்கு இருபது வருடப் பழக்கம்.

ஐப்பசி மழை அடித்து ஓய்ந்திருந்த ஒரு சனிக்கிழமை. செஞ்சிப் பக்கத்து மலைக்காட்டில், மழைக்காலத்தில் மட்டும் விழும் அருவி ஒன்று உண்டு. நான் விழுப்புரத்திலிருந்தும் அவன் திண்டிவனத்திலிருந்தும் வந்து, அடிவாரத்தில் வண்டிகளை நிறுத்திவிட்டு, முள்ளிலும் கல்லிலும் ஒரு மணி நேரம் ஏறினோம். மூச்சு வாங்கி நான் ஆறு இடத்தில் உட்கார்ந்தேன். ஆறு இடத்திலும் இயற்கையை ரசிப்பதாகச் சொன்னேன்.

சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை அருவியிலேயே வைத்துக்கொண்டால் என்ன என்பது என் யோசனைதான். நல்லெண்ணெய் என் பொறுப்பு, சீயக்காய் அவன் பொறுப்பு. உச்சி முதல் உள்ளங்கால் வரை தேய்த்துக்கொண்டு, ஓடை நடுவில் ஒரு பாறையில், சட்டியிலிருந்து எடுத்த போண்டா போல மினுமினுத்தபடி உட்கார்ந்திருந்தேன். வெயில் சுள்ளென்று அடித்தது. அவன் மேலே அருவிக்கடியில் நிற்பதாக நினைப்பு.

அடிமணல் தெரிய ஓடிய தண்ணீர் திடீரென்று பழுப்பானது. நுரை வேறு.

மேலே பார்த்துக் கத்தினேன். “டேய் மச்சான்! மொத்த சீயக்காயையும் கொட்டிட்டியா? கீழ ஒரு மனுஷன் குந்திக்கினு இருக்கறது தெரியல?”

பதில் என் முதுகுக்குப் பின்னால், கரையிலிருந்து வந்தது. வாய் நிறைய அவித்த மல்லாட்டை, எங்கள் பக்கத்து வேர்க்கடலை.

“நான் இங்கதான இருக்கேன் மாமா. பொட்டலத்த இன்னும் பிரிக்கவே இல்லியே.”

திரும்பினேன். அவன் மடியில் சீயக்காய்ப் பொட்டலம், கட்டிய நூல் அவிழாமல்.

சருகும் சுள்ளியும் காலில் வந்து மோதின. மேலே, லோடு லாரி மேடு ஏறுவதுபோல ஓர் உறுமல்.

“மாமா, வெள்ளம்! ஜல்தி வா!”

உயிர் போகிற நேரத்தில் மனிதன் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியும். எண்ணெய் பாட்டிலின் மூடியைத் தேடுவான். தேடி எடுத்துக்கொண்டு பாறையை விட்டு இறங்கியபோது தண்ணீர் தொடைக்கு வந்திருந்தது. கால் நிற்கவில்லை.

அவன் இறங்கிவந்து கை நீட்டினான். பிடித்தேன், வழுக்கியது. மறுபடி பிடித்தேன். விரால் மீன் மாதிரி நழுவினேன்.

“அய்யோ, அக்காவுக்கு நான் இன்னா பதில் சொல்லுவேன்!”

“அத அப்புறம் யோசி, இழுடா!”

தோளில் கிடந்த துண்டை வீசினான். “கைல சுத்திக்க மாமா!”

சுற்றிக்கொண்டேன். தரதரவென்று இழுத்துக் கரையில் போட்டான். இன்னொரு கையில் மூடி பத்திரமாக இருந்தது. பாட்டில் போய்விட்டிருந்தது.

எங்கள்மேல் ஒரு துளி விழவில்லை. மழை மலை உச்சியில் பெய்திருந்தது. அது மண்ணைக் கரைத்துக்கொண்டு கீழே வந்தது. நாங்கள் திரும்பிப் பார்த்தபோது, நான் உட்கார்ந்திருந்த பாறை தண்ணீருக்குள் இருந்தது.