டெல்மருக்கு மிச்சமிருந்த வேலை

டெல்மர் ஷ்ராடரின் பியர் கெட்டுவிட்டது என்று முதலில் வாய்விட்டுச் சொன்னவன் நான்தான். எங்கள் ஊரான ஷெபாய்கனில் வீட்டிலேயே பியர் காய்ச்சுகிறவர்கள் ஒரு சங்கமாக, மாதத்தில் ஒரு வியாழக்கிழமை பௌலிங் கூடத்தின் பின்னறையில் கூடுவோம். அவரவர் காய்ச்சியதைக் கொண்டுவந்து மற்றவர்களுக்கு ஊற்றுவது வழக்கம். அன்றைக்கு டெல்மர் கொடுத்ததில் ஒரு வாய் குடித்தேன். நகப்பூச்சு துடைக்கிற திரவத்தின் வாடை மூக்கில் ஏறியது. சாற்றைப் புளிக்கவைக்கிற ஈஸ்ட் அதிகச் சூட்டில் வேலை செய்தால் வருகிற வாடை அது. புதிதாகக் காய்ச்சுகிறவர்கள் செய்கிற பிழை. டெல்மரோ இருபத்திரண்டு வருஷமாகக் காய்ச்சுகிறவன்.

"டெல், இது சூட்டுல போயிடுச்சு," என்றேன்.

தன் கிளாஸை முகர்ந்து பார்த்தான். மறுபடியும் முகர்ந்தான். "அப்படியா?" என்று மட்டும் கேட்டான். எதைச் சொன்னாலும் கையில் ஒரு பதில் வைத்திருக்கிறவன் அவன்.

டெல்மர் முப்பத்தொரு வருஷம் பாலாடைக்கட்டி ஆலையில் இருந்தவன். பால் தொட்டியின் வெளிப்பக்கத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு எத்தனை டிகிரி என்று சொல்வான்; வெப்பமானி அதற்குப் பிறகு அதை ஒத்துக்கொள்ளும். பியர் காய்ச்சுவதிலும் அப்படித்தான். அவனுடைய கார் ஷெட்டில் ஓர் அகலமான பிளாஸ்டிக் தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கும். அதற்குள், முளைகட்டிய பார்லியைக் காய்ச்சி எடுத்த மால்ட் சாறு நிரம்பிய கண்ணாடி ஜாடி. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னத் தொடங்கினால் ஜாடி தானாகவே சூடேறும். அதை அடக்க, சோடா பாட்டில்களில் தண்ணீரை உறையவைத்துக் காலை ஆறு மணிக்கு நாலு, மாலை ஆறு மணிக்கு நாலு என்று தொட்டிக்குள் இறக்குவான். உருகினவற்றைத் திரும்பச் சமையலறை ஃப்ரீசரில் அடுக்குவான். இரண்டு வாரத்துக்கு இதுதான் அவன் பிழைப்பு. மகள் கல்யாணத்தன்றுகூடக் கோட்டும் டையுமாக வந்து பாட்டில் மாற்றிவிட்டுத்தான் சர்ச்சுக்குப் போனான்.

சங்கத்தில் நாங்கள் எல்லாரும் எப்போதோ பெட்டிக்கு மாறிவிட்டோம். பழைய ஃப்ரிட்ஜ் ஒன்றை எடுத்து, வெப்பத்தைக் கட்டுப்படுத்துகிற கருவி ஒன்றை அதனோடு இணைத்துவிட்டால், வேண்டிய டிகிரியில் அதுவே நிறுத்திக்கொள்ளும். டெல்மரை எவ்வளவோ கேலி செய்தோம். "மெஷின் காய்ச்சுன பியரை மெஷினே குடிக்கட்டும்டா," என்பான்.

அந்தக் கெட்ட பியருக்குப் பிறகு இரண்டு மாதத்தில் காரணம் தெரிந்துவிட்டது. பாட்டில் மாற்றியதை மறந்து ஒரே காலையில் மூன்று தடவை மாற்றியிருக்கிறான். பிறகு இரண்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லை. வங்கிக்குப் போகிற வழியில் காரை ஓரங்கட்டி, எங்கே போகிறோம் என்று தெரியாமல் உட்கார்ந்திருந்திருக்கிறான். மில்வாக்கி டாக்டர் மூளையைப் படம் எடுத்துப் பார்த்து, மறதி நோய் என்றார். அறுபத்தொன்பது வயது. வரவர மோசமாகும், திரும்பாது என்றார்.

ஏப்ரல் கடைசியில் அவன் மனைவி லவோன் என் வீட்டுக்கு வந்தார். பள்ளிக்கூட நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்; அதிர்ந்து பேசத் தெரியாதவர். முந்தின நாள் இன்னொரு ஜாடியும் கெட்டுப்போக, டெல்மர் அதைக் கொல்லையில் கொட்டிவிட்டு அங்கேயே நின்று அழுததாகச் சொன்னார்.

"அவருக்குப் பெட்டி ஒண்ணு கட்டிக் கொடுக்கப்போறேன், ராய். பியர் நல்லா வந்துட்டா அவருக்குத் தெம்பு வந்துடும். நீங்க வயரிங் மட்டும் பார்த்துக்கங்க. மத்ததை நான் செய்யறேன்."

நான் எலெக்ட்ரீஷியன். முழுவதையும் நானே செய்து தருகிறேன் என்றேன். அவர் கேட்கவில்லை. டெல்மருக்குத் தெரியக்கூடாது என்பதால் வேலை என் ஷெட்டில் நடந்தது. மேல்மூடி வைத்த பழைய ஃப்ரீசர் ஒன்றை வாங்கி வந்தோம். வெப்பத்தை உணர்கிற கம்பியை உள்ளே விடுவதற்குப் பக்கச் சுவரில் துளை போட வேண்டும். உள்ளிருக்கிற சூட்டை வெளியேற்றுவதற்காகச் சுவருக்குள் எங்கோ ஓடுகிற வாயுக் குழாயில் துளை பட்டால் அத்தோடு ஃப்ரீசர் செத்தது. லவோன் புத்தகத்தில் படித்து ஒரு வழி கண்டுபிடித்து வந்தார். சோளமாவை வோட்காவில் கரைத்துச் சுவர் முழுக்கப் பூசிவிட்டு ஃப்ரீசரை ஓடவிட்டார். குழாய் ஓடுகிற இடம் சூட்டில் முதலில் காய்ந்து, ஈரச் சுவரில் வெள்ளை வெள்ளையாகக் கோடு விழுந்தது. இரண்டு கோடுகளுக்கு நடுவில் பென்சிலால் குறி போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு அவரே துளையிட்டார். குழாய் தப்பியது. அன்றைக்கு அவர் சிரித்த மாதிரி அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

ஜாடியை வைக்கப் பலகைத் தட்டு, ஈரத்தை உறிஞ்சுகிற டப்பா, ரொம்பக் குளிர்ந்துவிட்டால் சூடேற்றச் சின்ன ஹீட்டர், எல்லாம் அவர் கைவேலை. கருவிக்கு நான் வயரிங் செய்தேன். ஃபாரன்ஹீட்டில் அறுபத்தைந்து என்று வைத்தோம். மூன்று நாள் ஓடவிட்டுப் பார்த்தோம். ஒரு டிகிரிகூட அசையவில்லை.

மே மாதம் பெட்டியை அவர்கள் ஷெட்டில் இறக்கினேன். தொட்டியைக் கவிழ்த்து மூலையில் சாய்த்தோம். அந்தச் சனிக்கிழமை லவோன் குறிப்பைப் படிக்கப் படிக்க டெல்மர் காய்ச்சினான். அடுத்தது என்ன என்பதுதான் அவனுக்கு மறந்தது, வேலை கைக்கு மறக்கவில்லை. ஜாடியைப் பெட்டிக்குள் நான் இறக்கிவைத்தேன். மூடியதும் சிவப்பு எழுத்தில் எண் எரிந்தது. "அட, நல்லாயிருக்கே," என்றான்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு, மார்போடு நாலு பாட்டில்களை அணைத்துக்கொண்டு ஷெட்டுக்கு வந்து நின்றிருக்கிறான். தொட்டி அதன் இடத்தில் இல்லை. லவோன் போய், இனிமேல் அது வேண்டாம், பெட்டியே பார்த்துக்கொள்ளும் என்று விளக்கியிருக்கிறார். சரி என்று பாட்டில்களைத் திரும்பக் கொண்டுபோய் வைத்துவிட்டான். மாலை ஆறு மணிக்கு மறுபடி வந்தான். மறுபடி விளக்கினார். மறுநாள் காலையும் வந்தான். பெயர்களும் தேதிகளும் எங்கெங்கோ போய்விட்டன, ஆறு மணி மட்டும் போகவில்லை. பாட்டில் மாற்றியதா இல்லையா என்பதைத்தான் மறந்தானே ஒழிய, அது தன் வேலை என்பதை அவன் மறக்கவேயில்லை. தினம் இரண்டு தடவை, உனக்கு இங்கே வேலை இல்லை என்பதை அவன் முதல் தடவையாகக் கேட்டான். தினம் இரண்டு தடவை லவோன் அதைச் சொன்னார்.

பத்தாம் நாள் நான் போயிருந்தபோது என்னைச் சட்டையைப் பிடித்து வேலிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனான்.

"ராய், என் ஷெட்டுல வேற எவனோ பியர் காய்ச்சறான்டா."

"அது உன் பியர்தான், டெல்."

"என்னுதா இருந்தா நான்தானே பார்த்துக்கணும்? லவோன் அவன் பேரைச் சொல்ல மாட்டேங்கிறா. உனக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன். கருவியை இணைத்தவன் நான்.

பியர் பிரமாதமாக வந்தது. அவன் வாழ்நாளில் காய்ச்சியதிலேயே அதுதான் சிறந்தது என்று சங்கத்தில் எல்லாரும் சொன்னார்கள். ஆகஸ்டில் லவோன் அதை டெல்மர் பெயரில் கோடைச் சந்தையின் போட்டிக்கு அனுப்பினார்; முதல் பரிசு. நீல ரிப்பனையும் நடுவரின் தாளையும் கொண்டுபோய்ச் சமையலறை மேஜையில் வைத்தோம். டெல்மர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை வரி வரியாகப் படித்தான். சுத்தமான நொதிப்பு, ஒரு குறையும் இல்லை என்று எழுதியிருந்தது. ஒரு மடக்குக் குடித்துப் பார்த்தான். வாய்க்குள் வைத்திருந்து மெதுவாக விழுங்கினான். பொறாமை ஏதும் இல்லாமல், தொழில் தெரிந்தவன் இன்னொரு தொழில்காரனைப் பற்றிச் சொல்கிற குரலில் சொன்னான்:

"நல்லா செஞ்சிருக்கான். வந்தா சொல்லிடு, லவோன்."

லவோன் எழுந்து பின்வாசலுக்குப் போனார்.

மறுநாளே எனக்கு போன் செய்து பெட்டியை எடுத்துப்போகச் சொன்னார். வண்டியில் ஏற்றி என் ஷெட்டுக்குக் கொண்டுவந்தேன். தொட்டியைக் கழுவித் தண்ணீர் நிரப்பினோம். நாங்களே ஒரு ஜாடி காய்ச்சி அதற்குள் வைத்தோம். பியர் எப்படி வந்தாலும் பரவாயில்லை, நகப்பூச்சு வாடை வந்தாலும் குடித்துக்கொள்ளலாம் என்றார். எட்டுப் பாட்டில்களையும் உறையப் போட்டார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு நானும் அங்கே இருந்தேன். டெல்மர் மேஜையில் உட்கார்ந்து ரொட்டித் துண்டைப் பிய்த்துக்கொண்டிருந்தான். கடிகாரத்தை மூவரும் பார்க்கக்கூடிய இடம்தான் அது. ஆறு பத்து ஆனது. லவோன் பாட்டில்களை எடுத்து வந்து அவன் கையில் கொடுத்தார்.

"டெல், மணி ஆறாச்சு."

"ஆகட்டும்," என்றான். பாட்டில்களைப் பார்த்தான். "சில்லுன்னு இருக்கே," என்று மேஜை மேல் வைத்துவிட்டு, ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். அவ்வளவுதான். ஜாடி காலியான பிறகும் அவன் வந்து நின்றபோதெல்லாம், மூன்று மாதம் இல்லை இல்லை என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் அவனுக்கு அது பதிந்துவிட்டது. நோய் முற்றியதும் காரணமாக இருக்கலாம். டாக்டர் அப்படித்தான் சொன்னார். லவோன் அதை ஏற்கவில்லை. அந்த ஜாடிக்கு இரண்டு வாரமும் காலையும் மாலையும் அவரே பாட்டில் மாற்றினார். டெல்மர் ஒருநாள்கூட எட்டிப்பார்க்கவில்லை.

ஜனவரியில் அவனைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தோம். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் லவோனைக் காரில் கூட்டிப்போவேன். டெல்மர் என்னிடம் மரியாதையாகக் கை குலுக்குவான், எந்த ஊர் என்று விசாரிப்பான். லவோனை அங்கே வேலை பார்க்கிற நர்ஸ் என்று நினைத்து, தயங்கித் தயங்கி ஒவ்வொன்றுக்கும் நன்றி சொல்வான்.

மார்ச்சில் ஒருநாள், இல்லத்து வாசலில் காரை நிறுத்திய பிறகும் லவோன் இறங்கவில்லை. கைப்பையின் வாரைச் சுற்றிச் சுற்றி விரலில் முறுக்கிக்கொண்டிருந்தார்.

"பெட்டி வேணுமான்னு நான் அவரைக் கேக்கவே இல்லை, ராய். அப்போ கேட்டிருந்தா அவருக்குப் பதில் சொல்லத் தெரிஞ்சிருக்கும். இல்லையா?"

தெரிந்திருக்கும். அவன் என்ன பதில் சொல்லியிருப்பான் என்பதும் எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். நான் எஞ்சினை அணைத்தேன். மதியச் சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது, தான் ஊட்டினால்தான் டெல்மர் சாப்பிடுகிறான் என்று சொல்லிக்கொண்டே லவோன் கதவைத் திறந்து இறங்கினார். நடைபாதையில் பனி உருகி வழுக்கியது. நான் இறங்கிப் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.