உளுந்து தெளிக்காத வயல்

திருப்பனந்தாளுக்கு முன்னால் பேருந்து டயர் பஞ்சராகி நிற்கிறது. இறங்கிப் பார்க்கிறேன். மாசி வெயில். சம்பா அறுத்த வயல்களில் எல்லாம் உளுந்து பச்சை கட்டியிருக்க, சாலையோரத்து வயல் ஒன்று மட்டும் வெறும் நெல்தாளோடு கிடக்கிறது. அதில் பெண்பிள்ளைகள் முட்டை வடிவப் பந்தோடு ஓடுகிறார்கள். ரக்பி. பந்து வைத்திருப்பவளை இன்னொருத்தி இடுப்போடு பிடித்துச் சாய்க்கிறாள். விழுந்தவள் மண்ணைக்கூடத் தட்டாமல் எழுந்து ஓடுகிறாள்.

வயலின் ஓரத்தில் ஓர் அம்மா குந்தியபடி, அறுவடை மிஷின் விட்டுப்போன தாளைத் தரையோடு அறுத்துக்கொண்டிருக்கிறார்.

“அறுப்புக்கு முன்னாடி உளுந்து தெளிக்க மறந்துட்டீங்களாம்மா?” என்கிறேன்.

“மறக்கலங்க. தெளிச்சா பிள்ளைங்க எங்க ஆடும்? கிரவுண்டப் பசங்க விடமாட்டாங்க.” அரிவாள் நிற்கவில்லை. “வெளிநாட்டுலயும் மொதல்ல பொம்பளைங்களுக்குன்னு யாரும் போட்டி நடத்திக் குடுக்கலையாம். அவங்களே கூடித்தான் மொத வேர்ல்டு கப்ப நடத்துனாங்களாம். இப்ப ஸ்டேடியம் கொள்ளாத கூட்டம். எம்பொண்ணு போன்ல காட்டுனா.”

“இதுல உங்க பொண்ணு யாரு?”

அரிவாள் நிற்கிறது. வரப்பைக் காட்டுகிறார். முழங்காலில் பட்டையோடு ஒரு பெண் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். வாயில் விசில்.

“இந்தியா டீம் கேம்ப்புக்குக் கூப்பிட்டிருந்தாங்க. ஐப்பசியில முட்டி போயிருச்சு. இனிமே ஆடவே கூடாதுன்னுட்டாரு டாக்டர்.”

ஐப்பசியில். உளுந்து தெளிப்பது அதற்கு மூன்று மாதம் கழித்து, தை மாதத்தில்.

விசில் கேட்கிறது. பிள்ளைகள் ஓடுகிறார்கள். அவர் அடுத்த தாளைப் பிடித்து அறுக்கிறார், யார் காலிலும் குத்தாதபடி, தரையோடு.